விளிம்பில் ஒரு நெளிவு

அப்பாவின் லென்ஸை விற்றுவிடலாம் என்று முடிவானதும், ஜன்னலோரம் ஒரு வெள்ளை வேட்டியை மடித்து விரித்து, நடுவில் அதை வைத்துப் படமெடுத்தேன். ஏழெட்டுக் கோணங்களில் எடுத்து முடித்துக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்தபோதுதான் உறைத்தது, ஒரு படத்திலும் அந்த நெளிவு இல்லை. லென்ஸின் முன்விளிம்பில், கடிகாரத்தில் நான்கு மணி இருக்கும் இடத்தில், ஒரு நெல்மணி நீளத்துக்கு நெளிவு உண்டு. நான் வேண்டுமென்று மறைக்கவில்லை. வெளிச்சம் அழகாக விழும் பக்கத்தைக் கை தானாகவே முன்னால் திருப்பி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

1988-ல் இதே லென்ஸை அப்பா விற்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். அன்று அந்த நெளிவை மறைக்க வழியே இல்லை. கடைக்காரர் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய கட்டைவிரல் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

பழைய லென்ஸை விற்கும் வழியில் அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே எவ்வளவோ மாறிவிட்டது. அவற்றில் பெரியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: அன்று குறையைக் கண்டுபிடிப்பது வாங்குபவரின் சாமர்த்தியம், இன்று குறையைச் சொல்வது விற்பவரின் பொறுப்பு.

கட்டைவிரல்

சூப்பர்-டாகுமார் 50 மி.மீ., 1:1.4. முன்வளையத்தில் இந்தப் பெயரும் வரிசை எண்ணும் ஆஸாஹி ஆப்டிகல் என்ற நிறுவனப் பெயரும் வெள்ளை எழுத்தில் பொறித்திருக்கும். 1919-ல் டோக்கியோவில் மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கத் தொடங்கிய நிறுவனம் அது. பின்னாளில் பென்டாக்ஸ் என்ற பெயரில் உலகம் அறிந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா 1970-ல் ஊருக்கு வந்தபோது, கும்பகோணத்தில் புதிதாக ஸ்டூடியோ திறந்திருந்த தம்பிக்காக ஒரு பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமராவும் அதோடு இந்த லென்ஸும் கொண்டுவந்தார். வெளிநாட்டுச் சாமான் என்றால் பர்மா பஜாருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கப்பலிலோ விமானத்திலோ வரும் சொந்தக்காரரை எதிர்பார்க்க வேண்டும் என்றிருந்த காலம்.

அந்த லென்ஸ் கண்ட முகூர்த்தங்களுக்குக் கணக்கில்லை. 1979-ல் ஒரு கல்யாணத்தில் மொத்தக் குடும்பத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவரப் பின்னாலேயே நகர்ந்த அப்பா, மண்டபத்துப் படியில் கால் தவறி விழுந்தார். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. லென்ஸுக்கு விளிம்பில் நெளிவு. அதன்பிறகு ஃபில்டர் மரையில் ஏறவே இல்லை. லென்ஸ் உடம்பில் இன்னொரு குறையும் உண்டு. முகூர்த்த நாட்களில் ஸ்டூடியோக்காரர்கள் ஒருவருக்கொருவர் லென்ஸ் கைமாற்றிக்கொள்வார்கள். மாறிப்போகாமலிருக்க, பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவதுபோல, என் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த காம்பஸ் முள்ளால் ‘ச.வே.’ என்று அப்பா அதன் பக்கவாட்டில் கீறிவைத்தார். வளையத்தைப் பிடித்துத் திருப்பும் இடங்களில் கறுப்பு வண்ணம் தேய்ந்து உலோகம் தெரியத் தொடங்கியதும் அந்த வருடங்களில்தான்.

1988-ல் புது மாடல் கேமரா வாங்கப் பணம் புரட்டும்போது, பழையதை விற்க அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு சென்னை வந்தார். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த கடை. கடைக்காரர் பேசாமல் கையை நீட்டினார். லென்ஸை உள்ளங்கையில் வாங்கியவுடன் அவருடைய கட்டைவிரல் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றியது. நான்கு மணியில் நின்றது. நிமிர்ந்து அப்பாவை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு நடந்ததை இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். லென்ஸைக் காதருகே பிடித்து ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் திருப்பினார். உள்ளே மணல் கரகரக்கிறதா என்று கேட்கிறார் என்று அப்பா பிற்பாடு சொன்னார். பின்பக்கத்துச் சின்ன விசையை மேனுவலுக்குத் தள்ளி, துளையை மூடித் திறந்து, தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்த்தார். ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கி, நேராகவும் சாய்த்தும் உள்ளே பார்த்தார். கண்ணாடியின்மேல் வாயால் ஆவி ஊதி, அது விலகும்போது தெரியும் கோடுகளை எண்ணினார். கடைசியாக முகர்ந்தார். தோல் உறையில் பூட்டிவைத்துப் பூஞ்சை பிடித்த லென்ஸுக்கு ஒரு வாசனை உண்டு.

“கண்ணாடி சுத்தமா இருக்கு. ஆனா அடி வாங்கினது. மேல பேரு வேற கீறியிருக்கீங்க. மரை லென்ஸ் இப்ப யாருங்க வாங்குறா? 200 ரூபா தரலாம்.”

அப்பா விற்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் அதைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார்.

அந்தக் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று அன்று எனக்குக் கோபம். இப்போது யோசித்தால் அவர் பக்கத்து நியாயம் புரிகிறது. ஒரு லென்ஸ் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அன்று ஒரே வழி, ஃபிலிம் போட்டு எடுத்து, கழுவி, பிரிண்ட் போட்டுப் பார்ப்பது. கடையில் நிற்கிற நேரத்துக்குள் அது நடக்காது. அதனால் அவர் உடம்பைப் படித்தார். ஜாதகம் பார்ப்பதுபோல வெளிக்காயத்தை வைத்து உள்ளிருக்கும் கதையைக் கணித்தார். விளிம்பு நெளிந்திருந்தால் விழுந்திருக்கிறது. விழுந்திருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை நகர்ந்திருக்கலாம். வண்ணம் தேய்ந்திருந்தால் நிறைய உழைத்திருக்கிறது. நிறைய உழைத்திருந்தால் மரையில் ஆட்டம் வரும். பெயர் கீறியிருந்தால், அந்தப் பெயருக்கு உரியவர்தான் இதை விற்கிறாரா என்ற கேள்வி வரும். இத்தனை சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான் அவர் விலையைக் குறைத்தார்.

மரை

அவர் கடைசியாகச் சொன்ன காரணம் மற்றதையெல்லாம்விடக் கனமானது. இந்த லென்ஸ் கேமராவில் திருகி மாட்டும் வகை. 42 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 1 மி.மீ. ஏற்றம், எம்42 என்று பெயர். கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா, சோவியத்தின் ஜெனிட், ஜப்பானின் பென்டாக்ஸ் எல்லாம் ஒரே மரையைப் பயன்படுத்தின. எந்த நாட்டு லென்ஸையும் எந்த நாட்டுக் கேமராவிலும் திருகலாம் என்பது அந்தக் காலத்தில் அபூர்வமான சமத்துவம். ஆனால் 1975-ல் பென்டாக்ஸே அந்த மரையைக் கைவிட்டு, சட்டென்று திருப்பிப் பூட்டும் கே மவுண்டுக்கு மாறியது. 1985-ல் மினோல்டா 7000 வந்து ஆட்டோஃபோகஸைப் பரவலாக்கியது. 1987-ல் கேனன் தன் பழைய மவுண்டை விட்டுவிட்டு ஈஓஎஸ் வரிசையைத் தொடங்கியது. அப்பா கடைப்படி ஏறிய 1988-ல் மரை லென்ஸ் அனாதை.

வேறு கேமராவில் பொருத்த முடியாதா என்றால், பலவற்றில் ஓர் அளவு குறுக்கே நின்றது. லென்ஸ் அமரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒவ்வொரு கேமராவும் ஒரு தூரத்தை விதிக்கிறது. எம்42-க்கு அது 45.46 மி.மீ. நிக்கானுக்கோ 46.5. ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம்; ஆனால் நிக்கானில் இந்த லென்ஸை வைத்தால் பக்கத்தில் இருப்பது தெளியும், தூரத்துக் கோபுரம் தெளியவே தெளியாது. லென்ஸை இன்னும் உள்ளே தள்ள வேண்டும், தள்ள இடமில்லை. ஃபிலிமுக்கு முன்னால் கண்ணாடித் தகடு ஒன்று எழுந்து விழுந்துகொண்டிருந்ததால், அந்த இடைவெளியை யாராலும் பெரிதாகக் குறைக்கவும் முடியவில்லை.

அந்தத் தகட்டை எடுத்துவிட்டபோதுதான் எல்லாம் மாறியது. 2008-ல் பானாசோனிக் ஜி1 மிரர்லெஸ் கேமரா வந்தது. 2013-ல் சோனி ஏ7 வந்தபோது, பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் முழு அளவுக்கும் சென்சார் கிடைத்தது. சோனியின் தூரம் வெறும் 18 மி.மீ. மிச்சமுள்ள 27.46 மி.மீட்டருக்கு ஓர் உலோக வளையம் போதும். உள்ளே கண்ணாடி இல்லை, மின்சாரம் இல்லை, வெறும் அடாப்டர். அதைத் திருகியதும், இருபது வருடத்துக்கு மேல் அலமாரியில் கிடந்த லென்ஸ்கள் எல்லாம் மறுபடி கண் திறந்தன. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும் என்ற சிரமத்தையும் புதுக் கேமரா குறைத்துவிட்டது. திரையில் காட்சியைப் பெரிதாக்கியும், தெளிவான விளிம்புகளுக்கு நிறம் பூசியும் அது உதவுகிறது.

பழைய கண்ணாடியைத் தேடிப் போகிறவர்கள் சிக்கனத்துக்காக மட்டும் போகவில்லை. இன்றைய லென்ஸ் மூலைமுடுக்கு வரை கூர்மையாக எடுக்கும். பழைய லென்ஸ் வெளிச்சத்தைக் கொஞ்சம் சிந்தும், முகத்தின் ஓரங்களை இளக்கும். சினிமாக்காரர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். 2024-ல் வந்த ‘ட்யூன்: பார்ட் டூ’ படத்துக்கு ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃபிரேசர் சோவியத் காலத்து லென்ஸ்களையும் பயன்படுத்தினார். 1988-ல் 200 ரூபாய்க்கு மேல் பெறாத மரையே இன்று அதன் பலம்.

காயமும் நோயும்

மவுண்ட் பிரச்சினை தீர்ந்ததும் வெளிக்காயத்தின் பொருளும் மாறிவிட்டது. இப்போது ஒரு லென்ஸைச் சோதிக்க ஃபிலிம் வேண்டாம். அடாப்டரில் மாட்டி, ஒரு செங்கல் சுவருக்கு நேரே நின்று, துளையை முழுக்கத் திறந்து ஒரு படம் எடுத்தால் போதும். நான்கு மூலைகளும் ஒரே அளவு தெளிவாக இருந்தால், விழுந்தபோது உள்ளே எதுவும் நகரவில்லை. ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் நகர்ந்திருக்கிறது. அன்று ஊகிக்க வேண்டியிருந்ததை இன்று இரண்டே நிமிடத்தில் பார்த்துவிடலாம். அப்பாவின் லென்ஸில் நான்கு மூலையும் சமம். 1979-ல் விழுந்த அடி விளிம்போடு நின்றுவிட்டது என்று எனக்குத் தெரியவர இத்தனை வருடமாகியிருக்கிறது.

ஆக, வெளிக்காயம் வேறு, நோய் வேறு. அன்று இரண்டும் ஒரே கணக்கில் போயின. இன்று விற்பவர் அவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வண்ணம் தேய்ந்தது, பெயர் கீறியது, விளிம்பு நெளிந்தது எல்லாம் காயம். படத்தில் வராது. முன்கண்ணாடியில் விழுந்த மெல்லிய கீறல்கூடப் பெரும்பாலும் படத்தில் தெரியாது என்றால் பலர் நம்புவதில்லை. கொசுவலைக்கு மிக அருகே முகத்தை வைத்துத் தெருவைப் பார்த்துப் பாருங்கள். வலை மறைந்துவிடும், தெரு தெரியும். முன்கண்ணாடிக் கீறலும் அப்படித்தான். சூரியனோ விளக்கோ நேரே விழும்போது மட்டும் சற்றே வெளுப்புக் கூடும். பின்கண்ணாடிக் கீறல் அப்படியில்லை. அங்கே ஒளிக்கற்றை குறுகிவிடுவதால் சின்னக் குறையும் படத்தைத் தொடும்.

பூஞ்சை என்பது நோய். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அது சீக்கிரம் வரும். சிலந்திவலைபோலக் கிளைவிட்டு, கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். ஆரம்பத்தில் பிரித்துத் துடைத்தால் போய்விடும். அரித்தபின் துடைத்தால் பூஞ்சை போகும், தடம் போகாது. அப்பா லென்ஸைத் தோல் உறையில் வைத்ததே இல்லை. மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து, பிஸ்கட் டின்னில் போட்டு, அதற்குள் வைப்பார். மாதத்துக்கொருமுறை வெளியே எடுத்து வெளிச்சம் காட்டுவார். கடைக்காரர் “கண்ணாடி சுத்தமா இருக்கு” என்றதற்குப் பின்னால் அந்த டின் இருந்தது.

இந்த லென்ஸுக்கு இன்னொன்றும் உண்டு, மஞ்சள். உள்ளே இருக்கும் ஏழு கண்ணாடிகளில் தோரியம் கலந்த கண்ணாடியும் சேர்த்தி. நிறம் பிரியாமல் ஒளியை நன்றாக வளைக்க அந்தக் காலத்து லென்ஸ் வல்லுநர்கள் கண்ட வழி அது. தோரியம் நமக்குப் புதிதல்ல. பெட்ரோமாக்ஸ் மேண்டிலை வெள்ளையாக எரியவைத்தது தோரியம்தான். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட்டில் உள்ளதும் அதுதான். அதன் கதிர்வீச்சு வருடக்கணக்கில் கண்ணாடிக்குள்ளேயே வேலை செய்து, தேநீர் வடிகட்டினதுபோல அதைப் பழுப்பாக்கிவிடும். கறுப்பு வெள்ளைக் காலத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை. கலர் ஃபிலிம் வந்தபோது மணப்பெண்ணின் வெள்ளைப் பூ மஞ்சளாக விழுந்தது. லேபில் சரிசெய்யச் சொல்லி அப்பா ஒவ்வொரு ரோலோடும் சீட்டு எழுதி அனுப்புவார். கண்ணாடிக்கு வயதாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் நினைத்திருந்தார்.

செய்ய முடியும். புற ஊதா ஒளி படப்பட அந்த மஞ்சள் தெளியும். நான் ஒரு சின்ன யூவி விளக்கின் கீழ், வெளிச்சம் கண்ணில் படாதபடி பெட்டிக்குள் மூடி, பத்து நாள் வைத்தேன். பழுப்பு வெளிறி, கிட்டத்தட்டத் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. கதிர்வீச்சுப் போகவில்லை. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி வருடம். வருங்காலத்தில் மறுபடி மஞ்சளேறும், மறுபடி ஒளி காட்ட வேண்டும். சாதாரணமாகப் பயன்படுத்த அஞ்ச வேண்டியதில்லை. உடைக்கவோ தேய்க்கவோ மட்டும் கூடாது. இதையும் வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும்.

சொல்லி விற்பது

இன்று லென்ஸ் விற்பவர் எந்தக் கடைப்படியும் ஏற வேண்டியதில்லை. கைப்பேசியில் நாலு படம், கீழே ஒரு வரி: “கண்டிஷன் சூப்பர், மைனர் ஸ்க்ராட்ச் மட்டும், விலை பேசலாம்.” பார்த்தவர் யூபிஐயில் பணம் போடுகிறார், பொருள் கூரியரில் போகிறது. எந்தக் கட்டைவிரலும் விளிம்பைச் சுற்றுவதில்லை, எந்தக் காதும் வளையத்தைக் கேட்பதில்லை. முகம் தெரியாத ஒருவர் நம் சொல்லுக்குத்தான் பணம் கொடுக்கிறார்.

அதனால்தான் அந்த ‘மைனர் ஸ்க்ராட்ச்’ என்ற சொல்மீது எனக்குப் பெரும் மனக்குறை. எங்கே? உடம்பிலா, கண்ணாடியிலா? முன்னாலா, பின்னாலா? எவ்வளவு நீளம்? ஃபில்டர் ஏறுமா ஏறாதா? இத்தனை கேள்வியையும் அந்த இரண்டு சொற்கள் விழுங்கிவிடுகின்றன. விலையைக் குறைத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். குறையைச் சொல்லாமல் குறைக்கும் விலை நேர்மையில் சேராது. பெட்டியைப் பிரிக்கும் நாளில் அது வெளிப்பட்டுவிடும். அன்றோடு அந்த மனிதர் பழைய பொருள் வாங்குவதையே விட்டுவிடுவார். அலமாரியில் கிடக்கும் நல்ல லென்ஸ்கள் எல்லாவற்றுக்கும் அது நஷ்டம்.

1988-ன் கடைக்காரரிடம் ஒரு பலம் இருந்தது. தன் பணத்தைப் போட்டு வாங்கி, தானே பிரித்துத் துடைத்து, தன் கடைப் பெயரில் விற்பார். தவறு நேர்ந்தால் வாங்கியவர் அதே படியேறி வந்து கேட்கலாம். அவரைப்போன்ற கைகள் இன்று குறைந்துவிட்டன. பிரிக்கவும் பூட்டவும் தெரிந்த மெக்கானிக்கைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிறது. இடையில் இருந்த அந்த ஆள் போனபின், அவர் செய்த சோதனையை விற்பவரே செய்து, அவர் சொன்ன குறையை விற்பவரே சொல்ல வேண்டும்.

நான் படங்களை அழித்துவிட்டு மறுபடி எடுத்தேன். முதல் படம் நெளிவு, பக்கத்தில் ஒரு நெல்மணி. இரண்டாவது, கீறிய எழுத்துகள். மூன்றாவது, தேய்ந்த வளையம். நான்காவது, பின்னாலிருந்து டார்ச் அடித்து எடுத்த கண்ணாடி. இரண்டு மூன்று தூசிகளும் தெரியத்தான் செய்தன. ஐந்தாவது, செங்கல் சுவர். கீழே எழுதினேன்: 1979-ல் விழுந்தது, ஃபில்டர் ஏறாது, மூலைகள் சமம், பூஞ்சை இல்லை, தோரியக் கண்ணாடி, மஞ்சள் நீக்கியது, மறுபடி வரும், பக்கத்தில் உள்ள எழுத்துகள் என் அப்பாவின் பெயர், அவர் வைத்திருந்த ஸ்டூடியோவில் இது பதினெட்டு வருடம் உழைத்தது. குறையில்லாத ஒன்றுக்கு இன்று கேட்கும் விலையில் முக்கால் பங்கு போட்டேன்.

கோயம்புத்தூரில் குறும்படம் எடுக்கும் ஒரு பெண் அழைத்தார். ஸ்ரீரங்கத்தில் சொந்தக்காரர் வீட்டுக்கு வருவதாகவும், அப்படியே திருச்சியில் என் வீட்டுக்கு வந்து நேரில் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். வந்த அன்று கேமராவும் அடாப்டரும் பையில் தயாராக இருந்தன.

“உட்காரும்மா, முதல்ல மாட்டிப் பார்த்துடு” என்று லென்ஸை நீட்டினேன்.

உள்ளங்கையில் வாங்கினார். கேமராவை எடுக்கவில்லை. அவருடைய கட்டைவிரல் விளிம்பை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. இதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அந்த விளிம்பில் விரல் தானாகவே அப்படிப் போகும்போலிருக்கிறது. நான்கு மணியில் நின்றது. பன்னிரண்டு வயதில் அந்தச் சந்துக் கடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதுபோலவே நின்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க சொன்ன மாதிரியேதானுங்க சார் இருக்கு.”